ரெசொலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு: டிக்கெட்டில் இல்லாத நேரம்

கனடாவின் வடகோடியில், நூனவுட் பகுதியில் இருக்கும் இரண்டு சின்ன ஊர்கள் ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்டு. 2021 கணக்கெடுப்பில் முதலாவதில் 183 பேர், இரண்டாவதில் 144 பேர். வேலை விஷயமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டியிருந்தது.

இடையில் ஏறக்குறைய 380 கிலோமீட்டர். ஜெட் வேகத்தில் கணக்குப் போட்டால் அரை மணி நேரம். ஆனால் அங்கே பறப்பது ட்வின் ஓட்டர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம். மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர்தான் போகும். ஆக, ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டோ இரண்டரை மணி நேரம் போலக் காட்டும். கிரீஸ் ஃபியோர்டு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் வரும் குழப்பம் இது. திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் அரை மணியில் வந்துவிடலாம் போலிருக்கும்!

உண்மையில் நேரம் போவது தரையில்தான். ரெசொலூட்டில் வெயில் பளிச்சென்று அடிக்கும், விமானமும் தயாராக நிற்கும், ஆனாலும் கிளம்பாது. கிரீஸ் ஃபியோர்டு ஓடுதளம் குட்டையான சரளைத் தளம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். மலையைக் கண்ணால் பார்த்து, நெருக்கத்தில் திரும்பித்தான் இறங்க முடியும். அங்கே மேகம் தாழ்ந்தாலோ காற்று முரண்டு பிடித்தாலோ இங்கே "இன்றைக்கு இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகப் பொழுது போனது. மே மாதம் என்பதால் சூரியன் மறையவே இல்லை; தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருவழியாகக் கிளம்பியபோது, பெட்டியின் எடையோடு என் எடையையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். உள்ளே பாதி இடத்தில் இருக்கைகளே இல்லை. வலை போட்டுக் கட்டிய பால், ரொட்டி, டயப்பர் பெட்டிகள். கழிவறை கிடையாது, அதனால் காபியை யோசித்துக் குடியுங்கள். பூமியின் காந்த விசை ஏறக்குறைய நேர் கீழ்நோக்கி இழுப்பதால் அந்த வட்டாரத்தில் திசைகாட்டியை நம்ப முடியாது. மெய் வடக்கை, அதாவது புவியியல் வடதுருவம் இருக்கும் திசையை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

கீழே டெவன் தீவு. உலகில் ஆள் குடியில்லாத தீவுகளில் அதுதான் பெரியது. வெகுநேரம் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்புறம் உறைந்த ஜோன்ஸ் நீரிணை, திடீரென்று இறக்கைக்குப் பக்கத்தில் பாறை, ஒரு திருப்பம், சக்கரத்தில் சரளைச் சத்தம்.

1953 முதல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்களைக் கனடா அரசு கொண்டுவந்து இறக்கியதில் உருவான ஊர்கள் இவை. அதற்கு 2010-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. இடையில் சாலை கிடையாது. பக்கத்து ஊர்ச் சொந்தத்தைப் பார்க்கவும் பெரும்பாலும் இந்த விமானத்தைத்தான் நம்ப வேண்டும்.

போகிறவர்கள் ரெசொலூட்டிலிருந்து தெற்கே போகும் டிக்கெட்டை, நான்கைந்து நாள் இடைவெளி விட்டு, தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். அந்த விமானமும் தினசரி கிடையாது, விடுதி வாடகையோ கையைக் கடிக்கும்.