எல்க் விழுந்தது, முதுகு ஒடிந்தது

செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மலைக்கு வில்லோடு எல்க் மான் தேடிப் போனால், முதலில் சிக்குவது பெரும்பாலும் இன்னொரு வேட்டைக்காரர்தான். இணைசேரும் பருவம் அது. ஆண் எல்க் போலவே வாய்க்குழலில் கத்தினால் எதிர்ச் சரிவிலிருந்து பதில் வரும். அரை மணி நேரம் புதருக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்தால், அங்கே ஒருவர் அதே குழலோடு இந்தப் பக்கம் தவழ்ந்து வந்துகொண்டிருப்பார். பிசிறில்லாத குரல் கேட்டால் சந்தேகப்படுங்கள். நிஜ எல்க்குக்குப் பல நேரம் தொண்டை சரியிருக்காது!

முகத்தில் பச்சைச் சாயம் பூசுவதெல்லாம் அப்புறம். முதலில் காற்றைக் கவனியுங்கள், உங்கள் வாடை எல்க்கின் மூக்குக்குப் போனால் கதை முடிந்தது. விடியலில் குளிர்காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறினால் அதுவும் மேலேறும், சாயங்காலம் மறுபடி இறங்கும். திசை மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம் காற்று சுற்றிச் சுற்றி அடிக்கும். அப்போது பேசாமல் உட்கார்ந்து ரொட்டி தின்பது உத்தமம்.

அம்பு விடுவதற்கு முன் ஒரு கணக்கு. ஆண் எல்க் ஏறக்குறைய 300 கிலோ. எலும்பு நீக்கினாலும் கறி 90 கிலோ தேறும். ஓர் ஆள் ஒரு நடைக்குச் சுமப்பது 30 கிலோ, தனி ஆள் என்றால் மூன்று நடை. முகாம் 3 கி.மீ. தள்ளி இருந்தால் சுமையோடு மூன்று தரம், வெறுங்கையோடு திரும்பி இரண்டு தரம், மொத்தம் 15 கி.மீ., அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில். பள்ளத்தில் நிற்கும் எல்க் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவதே புத்தி.

விழுந்ததும் காலை மரத்தோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் செத்த பிறகும் சரிவில் ஓடும். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஒருக்களித்துப் போட்டு, முதுகெலும்பு நெடுகக் கீறி, வயிற்றுப் பக்கமாகத் தோலை உரியுங்கள். முன்னங்கால் உடம்போடு எலும்பு மூட்டால் சேர்ந்ததல்ல. சதையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். பின்னங்காலுக்கு இடுப்பு மூட்டைத் தேடிக் கத்தியை நுழைக்க வேண்டும். முதுகுக்கறியும் கழுத்துக்கறியும் எடுத்தபின் புரட்டிப் போட்டு மறுபக்கம். புரட்டுவதற்குத்தான் கூட வந்த நண்பர் தேவை, அவருக்கு அப்போதுதான் இடுப்பு பிடிக்கும்.

கறி முதலில் கெடுவது பின்தொடை எலும்பை ஒட்டி. தடித்த தோல் சூட்டை வெளியே விடாது. அதனால் உடனே உரித்து, துணிப்பையில் போட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ரொம்பச் சுத்தமாக அறுத்தவருக்கு அபராதம்தான் பரிசு.

கொம்பு கடைசி நடையில் வரட்டும். கறிப்பைகளை மிச்ச உடலிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் கிளையில் கட்டுங்கள். திரும்பி வரும்போது கருங்கரடி பந்தியில் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போகாமலே தெரிந்துவிடும்.