காலிப் பட்டியல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், எங்கள் குழுவில் சேவைகள் ஓடும் கணினிக் கூட்டமான கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வந்து நின்றான். "அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, கிளஸ்டர்ல ஒண்ணுமே ஓடலைன்னு சொல்லுது."

சொன்னது எங்கள் ஏஐ ஏஜென்ட். "புது வெர்ஷன் போயிடுச்சா, எத்தனை பாட் எழுந்திருக்கு" என்று குபெர்னெட்டிஸைப் (கிளஸ்டரில் சேவைகளை ஓட்டி மேய்க்கும் மென்பொருள்; ஒரு சேவையின் ஓடும் ஒவ்வொரு பிரதியும் ஒரு பாட்) பற்றி யார் கேட்டாலும் அதுவே போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று எங்கள் ஆட்கள் ஒரு எம்சிபி சர்வர் எழுதியிருந்தார்கள். அதற்கு டாக்குமென்டேஷன் எழுதுவது என் வேலை.

எம்சிபி என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், ஏஐ மாடல் வெளி டூல்களோடு பேசுவதற்கான பொது விதிமுறை. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. ஏஜென்ட் பக்கத்திலிருந்து "உன்னிடம் என்னென்ன டூல் இருக்கிறது" என்று கேள்வி போகும். ஒவ்வொரு டூலுக்கும் அதன் பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா, இவ்வளவும் பதிலாக வரும். அந்த விளக்கம்தான் நான் எழுதுவது. எதை எப்போது கூப்பிடுவது என்று மாடல் அதைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. மனிதர்கள் நான் எழுதும் மேனுவலைப் படிப்பதே இல்லை என்று வருடக்கணக்காகப் புலம்பியிருக்கிறேன். இது ஒரு வார்த்தை விடாமல் படிக்கிறது. எழுதியதை அப்படியே நம்பியும் விடுகிறது.

நான் எழுதியிருந்த வரி: "டெப்ளாய்மென்ட்களைப் பட்டியலிடும்." (ஆங்கிலத்தில்தான் எழுதினேன். எந்தச் சேவை, எத்தனை பாட் ஓட வேண்டும் என்று குபெர்னெட்டிஸுக்குச் சொல்லும் பதிவுதான் டெப்ளாய்மென்ட்.) நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பெயரிட்டுப் பிரித்த ஒரு பகுதி) கொடுக்காமல் கூப்பிட்டால் எங்கள் டூல் 'டிஃபால்ட்' என்ற நேம்ஸ்பேஸை மட்டும் பார்க்கும். எங்களிடம் அதில் யாரும் எதையும் வைப்பதில்லை. வெறும் பட்டியல் வந்தது, ஒன்றும் ஓடவில்லை என்று ஏஜென்ட் அறிவித்துவிட்டது. அதன் மேல் என்ன தப்பு? நீங்களோ நானோ கியூப்சிடிஎல் என்ற குபெர்னெட்டிஸ் கட்டளைக் கருவியில் தட்டினால், "டிஃபால்ட் நேம்ஸ்பேஸில் எதுவும் இல்லை" என்று எங்கே தேடியது என்பதையும் சேர்த்துச் சொல்லும். எங்கள் டூல் கொடுத்தது இரண்டு சதுர அடைப்புக்குறி மட்டும்.

திருத்த உட்கார்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இல்லாத நேம்ஸ்பேஸின் பெயரைக் கொடுத்து டெப்ளாய்மென்ட் பட்டியல் கேட்டால் குபெர்னெட்டிஸ் பிழை எதுவும் தராது. அதற்கும் வெறும் பட்டியல்தான். 'பேமென்ட்ஸ்' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டால் பணம் வாங்கும் சேவையே காணாமல் போன மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு டூலையும், "இது வெறுங்கையோடு வந்தால் என்ன அர்த்தம்" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். கிளஸ்டரில் நடப்பதைக் குபெர்னெட்டிஸ் குறித்துவைக்கும் ஈவென்ட்களைப் பாருங்கள். அமைப்பை மாற்றாமல் விட்டால் அவை ஒரு மணி நேரம்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நடந்ததைக் காலையில் கேட்டால் ஒன்றும் இருக்காது. ஏஜென்ட் அதை "ராத்திரி பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லும். நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் லாகும் அப்படித்தான். பாட்டுக்குள் நிரல் ஓடும் கன்டெய்னர் செத்து மறுபடி எழுந்திருந்தால், சாதாரணமாகக் கேட்கும்போது புதியதன் லாகுதான் வரும். செத்ததன் கடைசி வார்த்தை வேண்டுமென்றால் 'ப்ரீவியஸ்' என்று கேட்க வேண்டும்.

ரொம்ப நேரம் பிடித்தது ஸ்டேட்டஸ் டூல். நாலு ரெப்ளிகா, அதாவது நாலு பாட், ஓடும் ஒரு டெப்ளாய்மென்ட்டுக்குத் தப்பான இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் பொதி) பெயர் போய்விட்டது என்று வையுங்கள். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதாக்கும் ரோலிங் அப்டேட்டில் எதையும் மாற்றாவிட்டால் பாட் எண்ணிக்கை 25 சதவீதம் வரை குறையலாம், 25 சதவீதம் வரை கூடலாம். ஆகவே பழைய பாட் மூன்று ஓடிக்கொண்டே இருக்கும், புதியது இரண்டு இமேஜ் கிடைக்காமல் தொங்கும். 'அவைலபிள்' நிலை ட்ரூ என்றே காட்டும். 'ப்ரோக்ரெஸ்ஸிங்' ஃபால்ஸ் ஆவதற்கு 600 விநாடி கெடு இருக்கிறது. நாலாவது நிமிடத்தில் கேட்டால் இரண்டுமே ட்ரூ. "எல்லாம் நலம்" என்று பதில் வரும். ரெடி, அப்டேட்டட் எண்களை ஸ்பெக்கில் கேட்ட எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பதில் சொல் என்று எழுதினேன். இந்த ஒரு பத்தியை ஏழு தடவை அடித்து எழுதியிருப்பேன்.

நடுவில் ஒரு சண்டையும் நடந்தது. டூல்களில் 'ரீட் ஒன்லி' என்று குறிப்பு போட்டாயிற்று, பயமில்லை என்றார்கள். அந்தக் குறிப்பு வெறும் குறிப்புதான், கதவுக்குப் பூட்டு, யாருக்கு எது அனுமதி என்று தீர்மானிக்கும் ஆர்பேக் என்றேன். பார்க்க மட்டும் விடும் 'வியூ' ரோல் கொடுத்திருந்தார்கள். பாஸ்வேர்டு போன்றவற்றை வைக்கும் சீக்ரெட்களை அது காட்டாது, சரி. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டெப்ளாய்மென்ட்டின் என்விரான்மென்ட் வேரியபிளில் பச்சையாக எழுதி வைத்திருந்தார். டெப்ளாய்மென்ட்டைப் படிக்க முடிந்தால் அதையும் படிக்கலாமே! இப்போது சர்வரே அந்த மதிப்புகளை மறைத்துவிட்டுத்தான் அனுப்புகிறது. பாஸ்வேர்டையும் மாற்றினார்கள், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே.

நேற்று தம்பி மறுபடி வந்தான். "அக்கா, விளக்கமெல்லாம் ரொம்ப நீளம். ஒவ்வொரு தடவையும் டோக்கன் சாப்பிடுது." மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணும் அளவுதான் டோக்கன். பாதியை வெட்டினேன். 'டிஃபால்ட்' நேம்ஸ்பேஸ் பற்றிய எச்சரிக்கையை மட்டும் தொட விடவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நேம்ஸ்பேஸைக் கட்டாய உள்ளீடா ஆக்கிட்டா இந்த வரி எதுக்கு?"

அரை மணி நேரத்தில் ஸ்கீமாவில் 'ரிக்கொயர்ட்' ஏறியது. வரியை நானே அழித்தேன். இல்லாத நேம்ஸ்பேஸ் பற்றிய வரி மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கும் ஏதாவது வழி யோசிக்கிறானாம்.