விகன் வென்ற எஃப்.ஏ. கோப்பை: 2012-13

அந்த சீசன் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தில் (தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் போட்டி) விகன் அணிக்குக் கிடைத்த பாதை சுலபம்தான், மறுப்பதற்கில்லை. மூன்றாம் சுற்றில் போர்ன்மவுத்தோடு 1-1 டிரா. அப்போதைய விதிப்படி மறுஆட்டம் எதிரணி மைதானத்தில், அதில் 1-0 வெற்றி. அடுத்து மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஹட்டர்ஸ்ஃபீல்டு; மூன்றுமே கீழ்ப் பிரிவு அணிகள். காலிறுதியில் எவர்ட்டனை அவர்கள் ஊரிலேயே 3-0 என்று அடித்ததுதான் நிஜமான சோதனை. மூன்று கோலும் சுமார் நான்கு நிமிடத்துக்குள். அரையிறுதியில் மில்வால், 2-0.

2013 மே 11, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே மான்செஸ்டர் சிட்டி. விகனின் மக்மனமன் பக்கவாட்டில் பந்தோடு ஓடி ஓடியே சிட்டியின் தடுப்பைக் குலைத்தார். 84-வது நிமிடத்தில் அவரைத் தடுக்கி விழவைத்த சிட்டி வீரர் சபலேட்டாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். அதற்குச் சற்று முன்புதான் விகன் மேலாளர் மார்ட்டினெஸ் பென் வாட்சனை இறக்கியிருந்தார். நவம்பரில் கால் முறிந்த ஆள்! 90 நிமிடம் முடிந்து, நடுவர் சேர்த்துத் தந்த நிமிடங்களின் தொடக்கத்தில் விகனின் மலோனி அடித்த கார்னர்; முதல் கம்பத்தை நோக்கி ஓடிவந்த வாட்சன் தலையால் முட்ட, பந்து கோல்கீப்பர் ஹார்ட்டைத் தாண்டி வலைக்குள். 1-0.

நாக்-அவுட்டுக்கு ஆறேழு நல்ல நாள் போதும். லீக்கில் 38 ஆட்டமும் கணக்கு. கோப்பை வென்ற மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4-1 தோல்வி, இங்கிலாந்தின் முதல்நிலைப் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து விகன் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஒரே சீசனில் எஃப்.ஏ. கோப்பையும் கீழிறக்கமும் பெற்ற முதல் அணி அதுவே.