பாதை கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் நெடுஞ்சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்லும். ஒரு நிலத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள், நடுவே ஒரு பொதுவழி ஓடுகிறது, அதை நிரந்தரமாக மூட வேண்டும் அல்லது ஓரமாகத் திருப்பிவிட வேண்டும். கூடவே ஒரு தொலைபேசி அழைப்பும் வரும். "பிளானிங் பர்மிஷன் கிடைத்துவிட்டது, வேலி போட்டுக்கொள்ளலாம்தானே?"

போட முடியாது. இதைச் சொல்லும்போது மறுமுனையில் விழும் மௌனம் எனக்கு இப்போது பழகிவிட்டது. திட்ட அனுமதி என்பது கட்டுவதற்கான அனுமதி. அந்த நிலத்தின் மீது நடந்துபோகும் பொதுமக்களின் உரிமையை அது தொடுவதே இல்லை. சட்டத்தின் கண்ணில் பொதுமக்களுக்கு உரிமையுள்ள எந்த வழியும், ஒற்றையடி நடைவழிகூட, நெடுஞ்சாலைதான். ஒருமுறை நெடுஞ்சாலை ஆனது என்றும் நெடுஞ்சாலையே என்று 1860இல் ஒரு வழக்கில் நீதிபதி பைல்ஸ் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. புல் முளைத்தாலும் சரி, பல ஆண்டுகளாக யாரும் நடக்காவிட்டாலும் சரி, உரிமை தானாகச் சாகாது. அதை நீக்க வேண்டுமென்றால் தனியாக ஓர் ஆணை வேண்டும்.

வாகனச் சாலை என்றால் 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 247ஆம் பிரிவு. லண்டனில் அதைப் பரோக்கள் என்ற பகுதிக் கவுன்சில்களே பார்த்துக்கொள்ளும்; மற்ற இடங்களுக்குப் போக்குவரத்துத் துறையின் நியூகாசில் குழுவிடம் போக வேண்டும். நடைவழி, குதிரைவழி என்றால் 257ஆம் பிரிவு. அதைத் திட்டமிடல் அதிகாரமுள்ள கவுன்சிலே செய்யலாம். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் உண்டு. ஆனால் அங்கே ஊர்மன்றம், அதாவது பாரிஷ் கவுன்சில், இரண்டு மாதத்துக்குள் ஒப்புதல் மறுத்தால், அரசு வகைப்படுத்தாத சிறு சாலைகளில் விண்ணப்பமே போட முடியாது. பில்டர்கள் அந்தப் பக்கம் அதிகம் தலைவைத்துப் படுப்பதில்லை.

மூடப்படுவது எப்போதும் ஒரு முழுத் தெருவாக இருக்காது. சாலையோரப் புல்தரையில் ஒரு முக்கோணத் துண்டை யாரோ தங்கள் தோட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளத் திட்டம் போட்டிருப்பார்கள். பார்த்தால் ஒரு கார் நிறுத்தும் அளவுகூட இருக்காது. அதுவும் நெடுஞ்சாலைதான். அதற்கும் அதே ஆணை, அதே விளம்பரம், எதிர்ப்புத் தெரிவிக்க அதே 28 நாள்.

நேரம்தான் இதில் பெரிய சிக்கல். ஆணையின் சட்ட அடிப்படை, "கட்டுமானம் நடைபெறுவதற்கு இது அவசியம்" என்பதே. வீடு எழும்பி முடிந்துவிட்டால், நடைபெற வேண்டிய கட்டுமானம் என்று எதுவும் மிச்சமில்லை. அந்தப் பிரிவு கைகொடுக்காது. நான் பார்த்த ஒரு கோப்பில் வரவேற்பறையின் குறுக்கே சட்டப்படி இன்னும் ஒரு நடைவழி உயிரோடு இருந்தது. வீட்டை வாங்க வந்தவரின் வழக்கறிஞர் வழக்கமான சோதனை போட்டபோதுதான் தெரிந்தது. கட்டியவர் அதற்குள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். 2013இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திட்ட அனுமதி கிடைக்கும் முன்பே பாதைக்கான விண்ணப்பத்தையும் கூடவே ஓட்டலாம். இதை எத்தனை முறை சொன்னாலும், பாதை என்னவோ கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பாதை எங்கே போகிறது என்பதே அடுத்த வம்பு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊரகப் பகுதிகளின் வழிகளையெல்லாம் அளந்து, டெஃபினிட்டிவ் மேப் என்ற அதிகாரபூர்வ வரைபடம் போட்டார்கள். அதில் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே இறுதிச் சான்று. ஆனால் பல வரைபடங்கள் 1:25,000 அளவில் இருக்கும். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 25 மீட்டர். பேனா கொஞ்சம் மொத்தமாக இருந்தால் ஒரு வீடும் தோட்டமும் அதற்குள் அடங்கிவிடும். கட்டிட வரைபடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் வரைந்துகொண்டு வரும் இளம் பொறியாளருக்கு, அந்தக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாமல் போகும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். பழைய அறிக்கையில் "வேலியின் வடபுறமாக, படிக்கட்டு வரை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வேலி இப்போது இருக்காது.

நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். பெருநகரக் கவுன்சில்களுக்கு அந்த அளவீட்டிலிருந்து அன்று விலக்கு இருந்தது. அதனால் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் எத்தனையோ சந்துகள் எந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் இல்லாததால் உரிமை இல்லை என்று ஆகாது. 20 ஆண்டுகள் தடையில்லாமல், யாரிடமும் கேட்காமல், ஒளிக்காமல் மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழியாக அர்ப்பணிக்கப்பட்டது என்று நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு ஊகிக்கிறது. அதை நிரூபிக்க ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்புவார்கள். எப்போதிலிருந்து நடக்கிறீர்கள், எதற்காக, யாராவது தடுத்தார்களா? இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். "பள்ளிக்கூடத்துக்கு", "நாயோடு", "அம்மாவின் கல்லறைக்கு" என்று வேறு வேறு கையெழுத்தில் எழுதியிருப்பார்கள். நிலம் வாங்குபவர் பதிவேட்டைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று நம்பி வாங்கியிருப்பார். நடந்தவர்களின் நினைவு அங்கே ஏறியிருக்காது.

அறிவிப்பு ஒட்டுவது என் வேலையின் இன்னொரு பாதி. வழியின் இரண்டு முனைகளிலும், விளக்குக் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கேபிள் டையால் இறுக்குவேன். உறையின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே இருந்தால் முதல் மழையிலேயே மை கரைந்து வரைபடம் நீலக் குழம்பாகிவிடும். சட்டம் கேட்கும் மொழியில், "புள்ளி அ முதல் புள்ளி ஆ வரை" என்று எழுதியிருக்கும். நின்று வாசிப்பவர்கள் குறைவு. பத்திரிகையிலும் விளம்பரம் வரும். அதை எதிர்ப்பவர்கள் தேடிப் படிக்கிறார்களா என்று நான் சந்தேகப்படுவேன்.

ஒருநாள் கம்பத்தருகே நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, நான் யாரென்று கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"இதுக்குள்ளாலதான் தம்பி நான் பஸ்ஸுக்குப் போறனான். அந்தப் பக்கத்தால சுத்தினா ஏத்தமெல்லோ?"

"அம்மா, இதையே எழுதி அனுப்புங்க. நான் உங்களுக்காக எழுத முடியாது."

"இவ்வளவையும் எழுதினா யார் வாசிப்பினம்?"

"நான் வாசிப்பேன்."

மகளைக் கொண்டு இரண்டு வரி எழுதி அனுப்பினார். மாற்றுவழி ஏற்றமாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. வழக்கமாக வரும் எதிர்ப்புக் கடிதங்களில் முக்கால்வாசி, வீடுகளே வேண்டாம், கார்கள் பெருகிவிடும் என்று போகும். அது திட்ட அனுமதியிலேயே தீர்ந்துபோன பஞ்சாயத்து, இங்கே எடுபடாது. இந்த இரண்டு வரி எடுபட்டது. சர்வேயரை அனுப்பிச் சரிவை அளக்கச் சொன்னேன். சக்கர நாற்காலிக்கு 20க்கு 1, அதாவது 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம், நல்லது; 12க்கு 1க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். திருப்பிவிடப்பட்ட வழியில் ஒரு துண்டு அதைவிடச் செங்குத்தாக இருந்தது. திட்டத்தில் நீளத்தை மட்டும் போட்டிருந்தார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டென்றால் அது இந்த நீளக் கணக்குமேல்தான். "மாற்றுவழி 40 மீட்டர்தான் அதிகம்" என்று விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருப்பார்கள். வயல் ஓரமாக, மரத்தடியில் போன பாதையை எடுத்து, புதுக் குடியிருப்பின் சாலையோர நடைபாதையில், கார் நிறுத்தும் வாசல்களைக் கடந்து போகச் செய்தால், நீளம் குறைந்தாலும் அது பழைய பாதை ஆகாது. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2009இல் வந்த அரசுச் சுற்றறிக்கையே, மாற்றுவழிக்குக் குடியிருப்புச் சாலைகளை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், திறந்தவெளியில் வாகனத்திலிருந்து விலகிச் செல்லும் வழிகளையே விரும்ப வேண்டும் என்கிறது. ஆனாலும் வரைபடங்கள் வரும்போது வீடுகள் எல்லாம் அடுக்கப்பட்டு, வண்டிப்பாதை போடப்பட்டு, மிச்சமிருக்கும் வேலிகளுக்கு நடுவில் பொதுவழி நெளிந்து கிடக்கும். இரண்டு பக்கமும் ஆறடி மரவேலி, முனையில் திருப்பம், எதிரே வருபவர் யாரென்று தெரியாது. மாலையில் யாரும் அதில் போக மாட்டார்கள். நான் பார்த்தவரை, ஆரம்பத்திலேயே பாதையை முதுகெலும்பாக வைத்து வீடுகளை அதன் இருபுறமும் முகம் பார்க்க அடுக்கிய திட்டங்களுக்கு எதிர்ப்பு வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

திட்ட அனுமதி கிடைத்ததாலேயே ஆணையும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. பொதுமக்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வரும் இழப்பைத் தராசில் வைக்க வேண்டும். வாசிலியு என்பவரின் வழக்கு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய உணவகம் வழிப்போக்கர்களை நம்பியே இருந்தது. சாலை மூடினால் நஷ்டஈடு கிடையாது. அப்படியிருக்க, அந்த இழப்பைக் கணக்கிலேயே எடுக்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

ஆணை உறுதியான பிறகும் பழைய பாதையை உடனே மூட முடியாது. பெரும்பாலான திருப்ப ஆணைகளில், புதுப்பாதை போட்டு முடிந்து, அது திருப்தியாக இருக்கிறது என்று நாங்கள் சான்றளித்த பின்தான் பழையது சாகும். அதனால் பில்டரின் ஆள் வாரம் தவறாமல் அழைப்பார். மழைக்கு மறுநாள் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வெயிலில் தெரியாது. அந்த அம்மாவின் பாதையில் சரிவைக் குறைத்துவிட்டார்கள், ஆனால் கீழ்முனையில் வடிகால் இல்லாமல் கணுக்கால் அளவு நின்றது. சான்றிதழைக் கொடுக்காமல் திரும்பினேன். வடிகால் போட்ட பிறகுதான் கையெழுத்து.