பினாங்குக்குப் போனால் துணியைத் திருப்பிப் பாருங்கள்

ஆயுளில் பெரும்பகுதியை ஜவுளிக்கடையில் நின்றே கழித்தவனை எந்த ஊருக்கு அழைத்துப் போனாலும் அவன் கை முதலில் துணிக்குத்தான் போகும். மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் விடுதி அறையில் பைகளை வைத்துவிட்டு வெளியே வந்ததும் என் மனைவி மாரியம்மன் கோயில் எங்கே என்று விசாரித்தாள். என் தங்கை மகள் சுவர் ஓவியங்கள் எந்தத் தெருவில் என்று கைபேசியில் தேடினாள். நான் எதிர்க்கடையில் தொங்கிய பாத்திக் கைலியின் முந்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மெழுகு கட்டிச் சாயம் ஏற்றிய பாத்திக்கில் நிறம் நூலுக்குள் இறங்கிவிடும். முன்புறமும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தமாக இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தது என்றால் பின்புறம் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் நான் புரட்டியவற்றில் பெரும்பாலானவை அச்சுத் துணிதான். அதைப் போலிச் சரக்கு என்று சொல்லமாட்டேன். அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அதையே கைவேலை என்று சொல்லி விலை கேட்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் நடையைக் கட்டிவிடுவது நல்லது.

உண்மையான கைவேலையில் இரண்டு வகை. சிறு குழாய் மூக்கு வைத்த செப்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை எடுத்துத் துணியில் கோடு இழுத்து, கோடுகளுக்கு நடுவே தூரிகையால் நிறம் நிரப்புவது ஒன்று. செப்பு அச்சை மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றுவது மற்றொன்று. மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள கிளந்தானும் திரங்கானுவும் இந்த வேலைக்குப் பெயர்போன மாநிலங்கள். கோடு இழுத்து எழுதிய துணி என் பைக்கு எட்டவில்லை. ஒற்று அச்சில் செய்த பருத்திக் கைலி ஒன்றை எடுத்தேன். ஓரிடத்தில் பூவும் இலையும் சேரும் கோடு சற்றே விலகியிருந்தது. கடையில் இருந்த தமிழ்ப் பெண்மணி அதைக் கவனித்துவிட்டு, "வேறு எடுத்துத் தருகிறேன் ஐயா" என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். "வேண்டாம் அம்மா, இந்த விலகலுக்குத்தான் பணம் கொடுக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வெள்ளி குறைத்தார். ரிங்கிட்டை அங்குள்ள நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

லிட்டில் இந்தியாவைப் பற்றி என் அபிப்பிராயம் இது: தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே வாங்க அதிகம் இல்லை, பார்க்க ஏராளம். லெபு (மலாயில் தெரு) பாசார், லெபு குவீன், லெபு பினாங்கு என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தெருக்களில் பூமாலை, எவர்சில்வர், ஊதுவத்தி, முறுக்கு, கடைவாசல் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. புடவைகள் நமக்குப் பழகிய ஊர்களிலிருந்து போனவைதாம். கொள்முதல் விலை தெரிந்த எனக்கு அந்த விலைச்சீட்டுகளைப் படிப்பது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. மனைவி என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

ஆனால் ஒரு கடையில் அவளும் நின்றுவிட்டாள். மலாய்ப் பெண்கள் மூன்று பேர் பாஜு குரோங் தைக்க மீட்டர் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீளச் சட்டையும் பாவாடையுமான அந்த உடைக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர் வேண்டும். கடைக்காரர் அவர்களிடம் மலாயில் பேசினார், பில் போடும் பையனைத் தமிழில் அதட்டினார், வாசலில் வந்து நின்ற சீனக் கிழவரிடம் ஹொக்கியனில் ஏதோ கேலி செய்தார். அத்தனைக்கும் நடுவில் அளவுகோலைப் புரட்டிப் புரட்டி அளந்த கை ஒரு முறையும் தடுமாறவில்லை. கத்திரியால் ஓரத்தில் சின்ன வெட்டு. பிறகு கையால் ஒரே கிழி. அந்தச் சத்தத்தைக் கேட்டே சொல்லலாம், கலப்படமில்லாத பருத்தி என்று. எங்கள் கடையில் இப்படிப்பட்ட ஆள் ஒருவர் இருந்திருந்தால் முதலாளி அவரைத் தீபாவளிக்குக்கூட ஊருக்கு விட்டிருக்கமாட்டார்.

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றியது 1786-ல். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பழைய பிட் தெருவில், இப்போதைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில், நடந்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு கோடியில் 1818-ல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி, ஆள் உயர ஊதுவத்திகள் புகையும் குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் போனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் முன்னின்று 1801-ல் தொடங்கியது அது. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் தூரம்.

நாகப்பட்டினத்துக்காரனான எனக்கு இவற்றையெல்லாம்விட லெபு சூலியா முனையில் இருக்கும் நாகூர் தர்காதான் முக்கியம். சின்னக் கட்டடம். அதன் சுவரோடு ஒட்டிக் கடைகள். ஊரில் ஐந்து மினாராக்களையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது மிகச் சிறியது. ஆனாலும் கடல் கடந்து வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகூர் ஆண்டவருக்கு இங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். அவர் ஊருக்கு அனுப்பிய கைலியைப் பற்றி வீட்டில் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதைப் பற்றிப் பேசியதில்லை.

பினாங்கு மலைக்கும் போனோம். 204-ஆம் எண் பஸ் அடிவாரத்தில் இறக்கிவிடும். சில்லறை தரமாட்டார்கள், சரியான காசு கையில் இருக்கட்டும். கயிற்றில் இழுபடும் ரயில் 1923-லிருந்து ஓடுகிறது, பெட்டிகள் இப்போது புதியவை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதல். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. காற்று குளிர்ச்சி. கேக் லோக் சி புத்தர் கோயிலில் ஏழடுக்குப் பகோடாவின் அடிப்பகுதி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. அதற்காகவே போகலாம். ஏறும் வழியில் உள்ள கடைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரையின் இரவுக் கடைகளிலும் ஏறக்குறைய அதே சரக்குதான். பேரம் பேசும் ருசிக்காக வேண்டுமானால் ஒரு சுற்று வரலாம். தங்கை மகள் ஒரு பெரிய மாலுக்குள் நுழைந்து, சென்னையில் பார்த்த அதே பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிட்டுத் தானாகவே வெளியே வந்தாள்.

என்னைக் கேட்டால், வாங்குவதற்கென்று போகவேண்டிய ஒரே இடம் ஜாலான் பினாங்கில் உள்ள சௌராஸ்தா சந்தை. கீழே மீன், காய்கறி. முகப்பில் ஊறவைத்த பழங்கள்: மாங்காய், நெல்லி, பப்பாளி, எல்லாவற்றுக்கும் மேலாக ஜாதிக்காய். நாங்கள் கொட்டையையும் பத்திரியையும் மட்டும் அஞ்சறைப்பெட்டியில் பார்த்தவர்கள். இங்கே அந்தக் காயின் சதையைச் சீவிச் சர்க்கரைப்பாகில் ஊறப்போட்டு விற்கிறார்கள். ஈரமாகவும் கிடைக்கும், காய்ந்ததும் கிடைக்கும். முதல் கடியில் காரம்போல ஏறி மூக்கில் நிற்கிறது. பயணத்துக்குக் காய்ந்ததே மேல். பாகு கசிந்தால் பெட்டியில் இருக்கும் துணி என்னாகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பாசிப்பருப்புப் பூரணத்தில் வறுத்த சின்ன வெங்காயம் சேர்த்த தாவ் சார் பியா பிஸ்கட்டும் வாங்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள். கூரை வரை அடுக்கிய மலாய், ஆங்கிலப் புத்தகங்களுக்கு நடுவே தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டுக் கணிதப் பாடநூல் ஒன்று அகப்பட்டது. மலேசியாவில் தமிழ்க் கல்வி இந்தத் தீவில்தான் தொடங்கியது. 1816-ல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்திருக்கிறது. அந்தப் பாடநூலின் ஓரங்களில் முன்பு படித்த பிள்ளை பென்சிலால் பூனை வரைந்து வைத்திருந்தது. இந்தப் பயணத்தில் நான் கொடுத்த ஆகக் குறைந்த விலை அதற்குத்தான்.

"மாமா, இதை யார் படிக்கப்போகிறார்கள்?" என்று தங்கை மகள் கேட்டாள். நான்காம் வகுப்பில் இருக்கும் என் பேத்திக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே கணக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரம்புத்தான் என்றால் என்ன, அது கிலோ என்ன விலை, ஏன் வாங்கிவரவில்லை என்று விசாரணையைத் தொடங்கிவிட்டாள். ஜாதிக்காய்ப் பொட்டலத்தை நீட்டியிருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.