சானல்கரைச் சாலையில் நடக்க இடம் கேட்ட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊராட்சியில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையின் ஒரு பக்கம் பட்டணங்கால் சானல் என்னும் பாசனக் கால்வாயின் கிளையும் மறுபக்கம் வீடுகளின் கய்யாலையும் (எல்லைச் சுவர்) இருக்கின்றன. தார் போட்ட அகலம் ஐந்தரை மீட்டர். கய்யாலையை ஒட்டி மழைநீர் ஓடை திறந்தே கிடந்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. குடை பிடித்து வரிசையாகப் போகும் பிள்ளைகள், பேருந்து வந்தால் ஓடையைத் தாண்டிக் கய்யாலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பேருந்து போன பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்து மறுபடியும் தாருக்கு ஏறுவார்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை வாங்கிய மாணவியர் பலர், இந்தச் சாலையில் ஓட்டப் பயந்து அதை வீட்டுத் திண்ணையிலேயே சாத்தி வைத்திருந்தார்கள்.

இதைச் சரிசெய்ய நாங்கள் சில பெற்றோர் கூடிப் பேசியபோது முதலில் வந்த யோசனை, சாலையை அகலப்படுத்தக் கேட்பது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் மாவட்டம் இது. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வழிநெடுக வீடுகள். அகலப்படுத்த வேண்டுமானால் யாருடைய முற்றத்தையாவது எடுக்க வேண்டும். எடுத்த பிறகும், கூடுதல் தாரைக் கண்டதும் வண்டிகள் இன்னும் வேகமாகத்தான் போகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுநர் பிரேக்கைத் தொட நினைக்கும் ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது; 30 கிலோமீட்டரில் வந்தால் அதே நொடியில் எட்டு மீட்டர்தான். இந்தக் கணக்கைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு அகலப்படுத்தும் பேச்சு அடங்கியது.

அடுத்ததாக எல்லோரும் கேட்டது வேகத்தடை. நம் ஊர்களில் ஒரே இரவில் முளைக்கும் அந்தக் குறுகிய, செங்குத்தான திண்டுகள் மிதிவண்டிக்காரரைத்தான் முதலில் கவிழ்க்கும் என்பது என் கருத்து. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக எழும்பி, நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். மனுவில் இந்த அளவை எழுதியே கேட்டோம்.

உண்மையில் எங்களுக்கு அதிகக் காலம் பிடித்தது, எந்த அடி நிலம் யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான். தார்ப்பரப்பும் அதன் ஓரத்து ஓடையும் மாவட்ட இதர சாலை என்ற கணக்கில் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. சானல்கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு ஊராட்சியினுடையது. பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, டேப் பிடித்து, சாலை முழுவதும் நடந்து, கம்பம், கடைப்படி, குழி, ஓடை உடைந்த இடம் ஒவ்வொன்றையும் ஒரு நீளத் தாளில் குறித்தோம். வட்ட அலுவலகத்தில், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகல் வாங்கி, நில அளவையர் வந்து சர்வே கல்லைக் காட்டியபோது, ஓடையின் மேல் மூடி போட்டாலே 1.8 மீட்டர் நடைபாதை கிடைக்கும் என்பது தெரிந்தது. நடைபாதையில் தடையில்லாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அகலமாக வழிகாட்டுதல் குறிப்பிடுவதும் அதுவே. எவர் முற்றத்தையும் தொட வேண்டியதில்லை.

தொட வேண்டியிருந்தது கடைப்படிகளை மட்டும். பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர், “மக்களே, படியை இடிச்சுப்போட்டா வயசான அம்மைகள் எப்படி ஏறுவாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடைபாதை மட்டத்தைக் கடை வாசலுக்கு அருகில் சற்று உயர்த்தி, படிக்குப் பதில் சாய்வாகக் கொண்டுபோகலாம் என்று வரைந்து காட்டியதும் அவரே மற்றக் கடைக்காரர்களிடம் எங்களுக்காகப் பேசினார்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. ஊராட்சியின் தீர்மானம் வேறொரு துறையின் சாலையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது இல்லாமல் போகும் மனு, தனிநபர் மனுவாகவே நின்றுவிடும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகல், புலப்படம், எங்கள் நீளத் தாள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தோம். நடைபாதை, வாழ்வுரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதையும் மனுவில் சேர்த்திருந்தோம். ஓர் அலுவலகத்தில் கோப்பு நகரவே இல்லை. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்குப் போன பிறகுதான் அதிகாரிகள் ஒன்றாக வந்து இடத்தைப் பார்த்தார்கள்.

பள்ளி வாசலிலிருந்து கோவில் முக்கு வரை ஓடைக்கு மூடி போட்டாகிவிட்டது. சிலாப்புகளுக்கு இடையே சைக்கிள் சக்கரம் இறங்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, தண்ணீர் இறங்கும் துளைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலவை போட்டு அடைக்கச் செய்தோம். வேகத்தடைகள் கேட்ட அளவிலேயே வந்துள்ளன. சானல்கரையை மிதிவண்டிக்குத் திறந்துவிடும் கோரிக்கை, தூர்வாரும் இயந்திரம் இறங்க வழி வேண்டும் என்ற காரணத்தால் நிலுவையில் இருக்கிறது. நடைபாதையின் நடுவில் நிற்கும் மின்கம்பங்களை மாற்ற மின்வாரியத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதற்கான தொகையை ஊராட்சி நிதியில் ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை அடுத்த கிராம சபைக்கு எழுதி வைத்திருக்கிறோம்.