மணாலி–லே சைக்கிளில்: எதை ஏற்றுவது, எதை வீட்டிலேயே விடுவது

மணாலியிலிருந்து ரோதாங் வழியாக லேவுக்கு ஏறத்தாழ 470 கிலோமீட்டர். சைக்கிளில் எட்டு முதல் பத்து நாள் ஆகும். ரோதாங் (3,978 மீட்டர்), பாராலாச்சா லா, நகீ லா, லாச்சுலுங் லா, கடைசியில் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா என்று ஐந்து கணவாய்கள். மூட்டை கட்ட உட்காருகிற பலரும் தராசை எடுத்துவைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். இந்தச் சாலைக்கு அது சரிவராது. வழியில் எது கிடைக்கும், எது தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்று முதலில் இரண்டாகப் பிரியுங்கள். எடை அதற்குப் பிறகு.

சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை ஜிங்ஜிங்பார், சர்ச்சு, விஸ்கி நாலா, பாங் ஆகிய இடங்களில் கூடாரத் தாபாக்கள் இருக்கும். ராஜ்மா சாதம், மேகி, ஆம்லெட், இரவுக்குக் கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை). அதனால் அடுப்பு, கேஸ், பாத்திரம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடலாம். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். கூடாரமும் சீசனில் தேவையில்லை என்பதே என் கட்சி. ஆபத்துக்கு, உள்ளே நுழைந்து படுக்க ஒரு அலுமினியப் படலப் பை போதும். செப்டம்பர் பாதி தாண்டினால் தாபாக்காரர்கள் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்போது கூடாரம் கட்டாயம்.

ரஜாய் இருந்தாலும் ஸ்லீப்பிங் பேக்கை விடாதீர்கள். வாங்கும்போது ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ‘லிமிட்’ எண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு, நிம்மதியாகத் தூங்கும் அளவு அல்ல. கம்ஃபர்ட் 0 டிகிரி உள்ளதும் தாபா ரஜாயும் சேர்ந்தால் சர்ச்சு இரவைக் கடக்கலாம். பவர் பேங்கும் போனும் உங்களோடு அதற்குள்ளேயே படுக்கட்டும். குளிரில் வெளியே கிடந்தால் காலையில் சார்ஜ் பாதிதான் காட்டும்.

இனி, கிடைக்காதவை. மணாலியை விட்டால் லேதான். நடுவில் நம்பிப் போகச் சைக்கிள் கடை இல்லை. லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுபவர் இருப்பார், உங்கள் சைக்கிள் டியூப்பின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. டியூப்லெஸ் டயர் என்றாலும் இரண்டு டியூப், பஞ்சர் பட்டை, ஓட்டையில் திணிக்கும் பிளக், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. செயின் அறுந்தால் இணைக்க இரண்டு குவிக் லிங்க். பிரேக் பேட் சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் செய்த) வகையில் முன்னும் பின்னும் ஒரு ஜோடி உபரியாக; ரெசின் பேட், சேறும் மணலும் கலந்த நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். M5 போல்ட் நான்கு, கேபிள் டை பத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக ஹேங்கர். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டிரெய்லியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. அடி பட்டால் ஃபிரேம் தப்பிக்க அது வளையட்டும் என்றே மெத்தென்று செய்கிறார்கள். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும், இன்னொருவருடையது உங்களுக்குப் பொருந்தாது. 20 கிராம்தான். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கியரில் வீரம் காட்டாதீர்கள். முன்னே 34, பின்னே 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. பத்து கிலோ மூட்டையோடு 5,000 மீட்டரில் அது போதாது. முன்னே 30, பின்னே 46 என்றால் மூச்சு முட்டினாலும் கால் சுற்றும்.

பை கட்டுவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கனமான கருவி, டியூப், பூட்டு எல்லாம் ஃபிரேம் பைக்குள், கீழே. சீட்டுப் பையில் துணி. அதிலும் கனமானது சீட்டுக் கம்பியை ஒட்டி, லேசானது வால் பக்கம். மாற்றி வைத்தால் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது பை வாலாட்டும், அரை நாளில் பட்டை நழுவும். பைக்கும் டயருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். அதை நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தொங்கும் பட்டை நுனிகளைச் சொருகிவிடுங்கள். ஸ்போக் கம்பியில் மாட்டினால் சக்கரம் நின்றுவிடும்.

ஹேண்டில்பாரில் கட்டும் சுருள் பையில் வேறொரு வம்பு. சுருள் கியர் கேபிளின் உறையை, ஹேண்டில் கம்பி நுழையும் தலைக்குழாயோடு அழுத்தி மடக்கும். கியர் தானாகத் தாவும். ஆள் பின் டிரெய்லியரைத் திருகிக்கொண்டு கிடப்பார், கோளாறு முன்னால் இருக்கும். பாருக்கும் பைக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஃபோம் துண்டு வைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன்னே சஸ்பென்ஷன் இருந்தால் அதன் காற்றை இறக்கி அடிவரை அமுக்கிப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கையில் தொடாத பை, பள்ளத்தில் விழும்போது டயரைத் தொடும்.

தண்ணீர் மூன்று லிட்டருக்கு இடம் வேண்டும். காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளும் மோரே சமவெளியும் வறண்டவை. காட்டா லூப்ஸில் தாகத்தால் செத்த லாரி கிளீனரின் ஆவி என்று சொல்லி வழிப்போக்கர்கள் தண்ணீர் பாட்டில்களைப் படையலாகக் குவித்திருப்பார்கள். பேயை நம்பாவிட்டாலும் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஓடைத் தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை போட்டால் வழக்கமான அரை மணி போதாது. பனி உருகிய நீருக்கு ஒரு மணி நேரம் விடுங்கள். சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்கள் (ஓடைகள்) மதியத்துக்கு மேல் பெருகும். பெடலுக்குப் போடும் ஷூவை நனைக்காமல் இருக்க ஒரு ரப்பர் செருப்பு.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், அங்கே கல்லாக உறைந்திருக்கும். ஈரோட்டு மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று வையுங்கள். மைக்ரோஃபைபரை விட அதுவே மேல், கழுத்தில் வெயிலுக்குச் சுற்றவும் ஆகும். ஷாம்பு பாட்டில் மூடியின் கீழ் ஒரு பாலிதீன் துண்டு, இல்லையென்றால் உயரத்தில் அழுத்தம் குறைந்து கசியும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் பேசாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

கட்டிய மூட்டையோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70-ஐயோ ஒருமுறை ஏறி இறங்குங்கள். உயரம் பழகாது. ஆனால் எந்த பை உரசுகிறது, எந்த போல்ட் தளர்கிறது என்பது தெரிந்துவிடும்.

சைக்கிளை அட்டைப்பெட்டியில் அடைக்கும்போது பின் டிரெய்லியரைக் கழற்றி ஃபிரேமுக்குள் டேப் போட்டு ஒட்டுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரத்தை எடுத்த இடத்தில் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தக்கை வைக்க வேண்டும், அட்டையை மடித்து வைத்தாலும் சரி. தக்கை இல்லாமல் வழியில் யாராவது லீவரை அமுக்கினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், மணாலியில் டிஸ்க் உள்ளே நுழையாது. நுழையாவிட்டால் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பிப் பிரியுங்கள், பேட் பரப்பில் எண்ணெய்க் கை படாமல்.